ஒன்பதாம் மேசையில் விழுந்த சாம்பல்

என் தங்கை நேசத்தின் மகள் பிறிஜெற் இருபத்திரண்டு வயதில் மன்னார்ப் பக்கத்து அடம்பனிலிருந்து கொழும்புக்கு வந்தாள். தாயும் தம்பிமாரும் மடு அகதி முகாமில் இருந்தார்கள். இவளை மட்டும் ஒரு பாதருடைய வானில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில், கப்பல் ஊதினால் வீட்டுக் கோப்பைகள் அதிர்கிற ஒழுங்கையில் எனக்கு இரண்டு அறை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் மனுசன் றேமண்ட் எனக்கென்று விட்டுப் போனது அதுதான். "இரு பிள்ளை, இருக்கிறதைத் திம்பம்" என்றேன்.

ஆனால் இருப்பதற்கே ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவளுடைய அடையாள அட்டையில் அடம்பன் என்று இருந்தது. அப்படி ஒரு ஊர்ப்பெயரோடு வந்தவர்கள் பொலிசில் பதிய வேண்டும். எதற்காகக் கொழும்பில் தங்குகிறாய் என்று கேட்பார்கள். சொல்லுகிற காரணத்துக்குக் கடதாசி வேண்டும். கடதாசி இல்லாதவர்களை வவுனியாவுக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள், அல்லது சுற்றிவளைப்பில் லொறியில் ஏற்றுவார்கள். லொறியில் ஏறிய பிள்ளையைத் தேடித் தாய்மார் எத்தனை வாசலில் நின்றார்கள் என்று எங்கள் ஒழுங்கையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறிஜெற்றுக்குக் காரணம் கட்டுநாயக்காவில் கிடைத்தது. சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு யப்பான்காரர் கம்பனி. றேடியோவுக்கும் காருக்கும் மூளை மாதிரி உள்ளே வைக்கிற சிப் என்ற சாமானை அங்கே கட்டி முடித்தார்கள். சிப் வெளிநாட்டிலிருந்து வரும், எள்ளுக்குக் கிட்டத்தட்ட ஒரு துண்டு. அதைத் தகட்டில் ஒட்டி, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் மைக்கிறஸ்கோப்பின் கீழே தைக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போது சாவணம் என்கிற சின்ன இடுக்கியால் எள்ளுப் பொறுக்கச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் பத்தைப் பொறுக்க, இவள் முப்பதைப் பொறுக்கிவிட்டு, "இன்னும் எள்ளு இருக்கோ?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்பதாம் மேசையைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். அவளுடைய படம் ஒட்டிய கம்பனி கார்ட்டையும் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அந்தக் கார்ட்டைக் காட்டினால் பேலியகொடைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன், "ஆ, சோன் எகே வெட" என்று தலையாட்டி விடுவான். வலயத்தில் வேலையென்றால் அவ்வளவு மதிப்பு. ஒன்றரை வருடம் அந்தக் கார்ட்டில்தான் அவள் கொழும்பில் மூச்சு விட்டாள்.

பின்னேரங்களில் வந்து எல்லாம் சொல்வாள். பெரியவர் பெயர் ஒக்காபே. அறுபது வயது. காலையில் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்திக் கையைக் காலை ஆட்டித் தேகப்பியாசம் செய்ய வைப்பார், தானும் செய்வார். பிள்ளைகளோடு ஒரே கன்டீனில் ஒரே சோறு. பருப்பை மோந்து பார்த்துவிட்டு வைப்பாராம், ஆறாம் மாதம் கையால் பிசைந்து சாப்பிடப் பழகிவிட்டாராம்.

"பெரியம்மா, அந்த ஆள் விளக்குமாறு எடுத்துத் தன்ர கந்தோர் அறையைத் தானே கூட்டுது."

"பெஞ்சாதி பழக்கி அனுப்பியிருக்கிறாள். நல்ல பொம்பிளை" என்றேன்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிவப்பு லைட் வைத்திருந்தார். பிழை கண்டால், தன் பிழையானாலும், அதன் சுவிச்சை அமத்தி எரியவைக்க வேண்டும். உடனே வேலை முழுவதும் நிற்கும். ஒருவரும் ஏசமாட்டார்கள், பிழையைச் சொன்னவருக்கு நன்றி சொல்வார்கள், அதுதான் தங்கள் நாட்டு முறை என்றாராம். ஒன்றரை வருடத்தில் ஒரு லைட்டும் எரியவில்லை. எப்படி எரியும்? எங்கள் நாட்டில் பிழையை ஒத்துக்கொண்டவனுக்கு யார் நன்றி சொன்னார்கள்? சுப்பவைசர் நிஹால் பிள்ளைகளின் காதோடு வேறு கதை சொல்லிவைத்திருந்தான்: "பிழையெண்டா என்னட்டச் சொல்லுங்கோ, நான் மூடிவிடுறன். லைட்டில கைவைச்சா பேர் மேல போகும்." அவன் கெட்டவனல்ல. அவனுக்கும் மூன்று பிள்ளைகள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் விபூதிப் புதன் வந்தது. கொழும்புக் கோட்டையில் பெரிய குண்டு வெடித்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. விடிய ஐந்து மணிப் பூசைக்கு இருவரும் லூசியா கோயிலுக்குப் போனோம். பாதர் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். கோயில் வாசலிலிருந்து நேரே கம்பனி பஸ்ஸுக்குப் போகப் புறப்பட்டவள் லேஞ்சியை எடுத்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"துடைக்கப் போறன் பெரியம்மா. உள்ளுக்குப் பவுடர், பூ ஒண்டும் கூடாது."

"பவுடரும் சாம்பலும் ஒண்டோ? பாதர் போட்டதைப் பொழுதுபடுமட்டும் துடைக்கக்கூடாது. துடைச்சியெண்டா என்ர வீட்டு வாசல் மிதிக்காதை."

அப்படித்தான் சொன்னேன். மறைக்கப் போவதில்லை.

அவள் துடைக்கவில்லை. நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பிள்ளைகள் பத்துப் பேரும் சாம்பலோடுதான் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் புருவம்வரை இறுக்கிப் பிடிக்கிற வெள்ளைத் தொப்பி. அவர்கள் பேசாமல் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிறிஜெற் மட்டும், றப்பர் நாடா சிலுவையை அழித்துவிடும் என்று, தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டிருக்கிறாள். பிறகு குனிந்து எட்டு மணித்தியாலம் கம்பி தைத்தாள்.

அடுத்த நாள் சோதித்துப் பார்த்தபோது புதன்கிழமைச் சாமானில் நூற்றுக்கு நாற்பது செத்துக்கிடந்தது. கம்பி தைக்கிற பகுதியையே மலேசியாவுக்குக் கொண்டுபோகலாமா என்று யப்பானில் முன்னரே கதை இருந்ததாம். இனி அடுத்த வெள்ளிக்குள் காரணத்தைக் கண்டுபிடி, இல்லையென்றால் மூடு என்று ஒக்காபேக்கு பக்ஸில் கடிதம் வந்தது. அவர் முப்பத்தொன்பது பிள்ளைகளையும் கூப்பிட்டு, பெரிதாக்கிய படம் ஒன்றைச் சுவரில் காட்டினார். தங்கக் கம்பி கயிறு மாதிரித் தெரிந்ததாம். அதன் பக்கத்தில் சாம்பல் நிறப் பொட்டுப் பொட்டு. அவர் இங்கிலிசில் சொல்ல, நிஹால் சிங்களத்தில் சொல்ல, பக்கத்து மேசை றோஸி தனக்குத் தெரிந்த தமிழில் பிறிஜெற்றுக்குச் சொன்னாள்.

"ஆள் தேவையில்லையாம், காரணம் தேவையாம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒக்காபே அடுத்த நாள் கன்டீன் மூலையில் ஒரு பெட்டி வைத்தார். முகத்துக்கு நேரே சொல்ல இங்கே வெட்கப்படுகிறார்கள், பெயர் போடாமல் எந்தப் பாஷையிலும் எழுதிப் போடட்டும் என்றாராம். பாவம், எங்களைப் படிக்க அந்த மனுசன் அவ்வளவு தூரம் முயன்றது.

அன்று பின்னேரம் பிறிஜெற் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு கையை நனைக்காமல் இருந்தாள். பிறகு படத்தில் கண்ட பொட்டுகளையும் தொப்பியைத் தள்ளினதையும் சொன்னாள்.

"என்ர நெத்தியில இருந்து விழுந்ததுதான் பெரியம்மா. எனக்குத் தெரியும்."

"தெரியுமெண்டா எழுதிப் போடன். பேர் போடத் தேவையில்லையெண்டுதானே சொல்லுறாய்."

"அந்தப் பகுதியில தமிழில எழுதுறவள் நான் ஒருத்திதான். தமிழ்க் கடதாசி விழுந்தா பேர் எழுதினது மாதிரித்தானே?"

அது எனக்கு உறைக்கவில்லை. எழுத்தே தெரியாதவளுக்கு எழுத்துக்கு முகம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

"சந்திக்கடை ராசிக்கைக் கொண்டு சிங்களத்தில எழுதுவிப்பம்."

"விசரோ பெரியம்மா? கோட்டையில குண்டு வெடிச்ச சூடு ஆறேல்ல. அடம்பன்காரி ஒருத்தி வெளிநாட்டுக் கம்பனியின்ர சாமானைப் பழுதாக்கிப்போட்டாள் எண்டு கதை வெளிக்கிட்டா? வேணுமெண்டு செய்தவள் எண்டுதான் சொல்லுவினம். பிழையெண்டு ஆர் சொல்லுவினம்?"

"அப்ப பேசாம இரு."

"பேசாம இருந்தா வெள்ளிக்கிழமை மூடுவினம். றோஸின்ர தகப்பன் படுத்த படுக்கை. எனக்கும் கார்ட் இல்லை. சொன்னாலும் போச்சு, சொல்லாட்டிலும் போச்சு."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூன்று நாள் அப்படியே போனது. வேலைக்குப் போவாள், வருவாள், சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். தண்ணீர் பிழையென்று கண்டுபிடிக்க மாட்டார்களா, காற்று மெசின் பிழையென்று கண்டுபிடிக்க மாட்டார்களா என்று மன்றாடினாள். நானும் லூசியம்மாவிடம் அதையே கேட்டேன். தண்ணீரும் பிழையில்லை, மெசினும் பிழையில்லை என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் சந்தைக்குப் போகச் சாமான் குறித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் குறிப்பதென்றால் கீறுவதுதான். மரக்கறி, மீன், எண்ணெய்ப் போத்தல் எல்லாம் நெருப்புப்பெட்டிக் குச்சிக் கரியால் கீறிக்கொண்டு போவேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்: "கீறிப் போடன் பிள்ளை. படத்துக்கு என்ன பாஷை?"

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கடதாசியில் ஒரு பெண்முகம் கீறினாள். மூக்கு இல்லை, காது இல்லை. நெற்றியில் சிலுவை, மேலே தள்ளின தொப்பி, சிலுவையிலிருந்து கீழே சிப்பின் மேல் விழுகிற பொட்டுகள். நீர்கொழும்புப் பிள்ளைகள் பத்துப் பேருக்கும் அந்தச் சிலுவை இருந்தது. ஆர் என்று எவரும் சொல்லமுடியாது. அன்று இரண்டு பேரும் சோறு தின்றோம்.

புதன்கிழமை பெட்டியில் போட்டாள். வியாழன் அதைச் சுவரில் ஒட்டினார் ஒக்காபே. அவருக்குச் சிலுவை விளங்கவில்லை. நெற்றியில் ஏன் பிழைக்குறி போட்டிருக்கிறது என்று கேட்டாராம். றோஸிதான் எழும்பி, "சேர், அது சாம்பல், போன கிழமை புதன் கோயிலில் போட்டது" என்று சொன்னாள். அவர் யோசித்தார், தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஓடினாராம். வயதான ஆள் நடைவழியில் ஓடினதை அன்றுதான் பிள்ளைகள் கண்டார்கள். கோயிலிலிருந்து ஒரு கடதாசியில் சாம்பல் எடுப்பித்து மைக்கிறஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். அதே பொட்டு. உள்ளே வீசுகிற காற்று அதை எல்லா மேசைக்கும் கொண்டுபோயிருந்ததாம்.

வெள்ளிக்கிழமை யப்பானிலிருந்து பதில் வந்தது. மூடவில்லை. இனி உள்ளே போகுமுன் வாசலில் ஒரு தண்ணீர்ப் பேசினும் ஈரத்துணியும் இருக்கும். சாம்பலானாலும் விபூதியானாலும் பொட்டானாலும் பவுடரானாலும் எல்லாரும் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். தானும் துடைப்பேன் என்றார் ஒக்காபே. பிள்ளைகள் கைதட்டிக் கத்தினார்களாம். றோஸி பிறிஜெற்றைக் கட்டிப்பிடித்து, "தப்பிட்டம் நங்கி" என்றாளாம். நங்கியென்றால் தங்கச்சி. அந்த இடத்தில் அது முடிந்திருக்க வேண்டும்.

ஒக்காபே அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். கீறினவர் யாரோ அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எழும்பச் சொல்லிக் கேட்கமாட்டேன், எல்லாருக்குமாகச் சொல்கிறேன் என்றார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி, இடுப்பை மடித்து, முப்பத்தொன்பது பெட்டைகளுக்கு முன்னால் குனிந்து நின்றார். நிமிரவில்லை. நரைத்த உச்சந்தலை எல்லாருக்கும் தெரிந்தது.

பிறிஜெற் எழும்பிவிட்டாள்.

பின்னேரம் கையில் ஒரு மேசை மணிக்கூட்டோடு வந்து சொன்னாள்.

"ஏன்டி எழும்பினனி? ஆர் உன்னை எழும்பச் சொன்னது?"

"தாத்தா வயசு பெரியம்மா. எனக்கு முன்னால குனிஞ்சுகொண்டு நிக்குது. நான் எப்பிடி இருக்கிறது?"

பெரியவர்கள் குனிந்தால் தடுத்து நிமிர்த்த வேண்டும் என்று வளர்த்தவர்களே நாங்கள்தான். அவருக்கு அது நன்றி. இவளுக்கு அது தாங்கமுடியாத பாவம்.

மணிக்கூட்டைக் கொடுத்து, எல்லாருக்கும் முன்னால் இவள்தான் நல்ல வேலைக்காரி என்றாராம். அடுத்த கிழமையே நிஹால் இவளைப் படிக்கட்டுக்குக் கீழே கூப்பிட்டான். அவன் சிங்களத்தில் சொன்னதை றோஸி இடையில் நின்று தமிழில் சொன்னாள்.

"ஏன் நங்கி எழும்பினாய்? காரணம் சாம்பல் எண்டு எழுதி நான் முடிச்சிட்டன். இப்ப கொழும்புக் கந்தோரில ஆளின்ர பேர் கேட்டிட்டினம். பேர் போனா அடம்பன் எண்ட ஊரும் போகும்."

"ஒக்காபே சேர் நல்லம் எண்டவர்தானே?"

"அவர் பார்க்கிறது சாமான். ஆள் எடுக்கிறதும் விடுகிறதும் கொழும்புக் கந்தோர். அவருக்கு அது தெரியவே வராது."

பங்குனி முப்பத்தோராம் திகதியோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை என்று கடிதம் வந்தது. ராசிக் வாசித்துச் சொன்னான். காரணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லையாம்.

நான் பொறுக்கிறவளல்ல. கடைசி நாள் அவளோடு பஸ் ஏறிக் கட்டுநாயக்காவுக்குப் போனேன். வாசல் காவற்காரன் போகச் சொன்னான். "போகமாட்டேன், பெரியவரைக் காணவேணும்" என்று எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொல்லி, வெயிலில் நின்றேன். பின்னேரம் ஒக்காபே வான் ஏற வெளியே வந்தார். பின்னால் நிஹால். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"ஐயா, இந்தப் பிள்ளை தொப்பியைத் தானாத் தள்ளேல்ல. துடைக்கவேண்டாமெண்டு சொன்னது நான். வேலை போனா பொலிஸ் இவளைக் கொழும்பில வைக்காது. உங்கட வாயால ஒரு சொல்லு."

அவர் நிஹாலைப் பார்த்தார். நிஹால் என்னைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான், பிறகு இங்கிலிசில் ஏதோ சொன்னான். சின்னதாகத்தான் சொன்னான். நான் சொன்னது அவ்வளவு சின்னதல்ல. ஒக்காபேயின் முகம் மலர்ந்தது. பிறிஜெற்றைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்கு முன்னாலும் அதே மாதிரிக் குனிந்தார். வானில் ஏறிக் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டு போனார்.

"என்ன சொன்னவர்?" என்று நிஹாலைக் கேட்டேன்.

"நல்லா வளர்த்திருக்கிறீங்க என்டார் அம்மே" என்றான் சிங்களத்தில். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கையை நீட்டினான். "கார்ட்டைத் தந்திட்டுப் போகச் சொல்லுங்க."

பிறிஜெற் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

பிறகு வேலை தேடாத இடமில்லை. உடுப்புக் கம்பனிகள், ஒருகொடவத்தையில் பெட்டி கட்டுகிற இடம், வெள்ளவத்தைக் கடைகள். ஊர் எது என்பார்கள், முதல் இடத்தில் ஏன் விட்டார்கள் என்பார்கள். பொலிசில் மறுபடி பதிய வேண்டிய நாள் வந்தது. வேறு வழியில்லாமல் நான் நோயாளியானேன். ஒரு டொக்டரின் கையைக் காலைப் பிடித்துக் கடதாசி வாங்கினோம்: பெரியம்மாவுக்கு ஏலாது, பார்க்க ஆள் வேண்டும். ஒரு நாளும் பகலில் படுத்தறியாத நான், பொலிஸ்காரன் வந்தபோது போர்த்திக்கொண்டு முனகினேன். அவன் என்னையும் பார்த்தான், அடுப்பில் நான் சற்று முன் ஏற்றிய உலையையும் பார்த்தான்.

"எக மாசயாய்" என்றான். ஒரே மாதம்.

அந்த மாதம் முழுவதும் நான் வாசலுக்குக்கூடப் போகவில்லை. கட்டிலில் கிடந்தேன். அவள் எனக்குக் கஞ்சி பருக்கினாள், அயலவர் காண ஒத்தடம் பிடித்தாள். ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. "நான் சொல்லாமல் விட்டிருந்தா நீ துடைச்சிருப்பாய்" என்று நானே ஒருநாள் கிளறினேன். "ஓம்" என்றாள், அவ்வளவுதான். கஞ்சிக் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். சாம்பலைத் துடை என்று நான் இன்றைக்கும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். தொப்பியை ஒழுங்காகப் போடு என்று அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் போனேனே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வைகாசி முதற்கிழமை மருதானையில் வவுனியா ரயில் ஏற்றிவிட்டேன். நோயாளி ஸ்டேசனுக்கு வந்ததை யாரும் கண்டால் காணட்டும் என்று போனேன். அடம்பனுக்குப் பாதை இல்லை. தாயிடம், மடு முகாமுக்குப் போகிறாள். இடையில் வவுனியாவில் எத்தனை நாள் மறிப்பார்கள் என்று தெரியாது. பாண், வாழைப்பழம், ஒரு போத்தல் தண்ணீர் கட்டிக்கொடுத்தேன்.

"அங்க போய் என்னடி செய்வாய்?"

"எள்ளுப் பொறுக்குவன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

ரயில் வெளிக்கிட்டது. யன்னலோரத்தில் இருந்த கிழவி ஒருத்திக்கு எழும்பித் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, ஆட்களுக்குள் நின்றுகொண்டாள். அதனால் கடைசியாக அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.